காலி அறைக்கான கணக்கு

காகிதத்துக்கு நெருப்பைப் போலவே தண்ணீரும் எதிரிதான். அதனால்தான் ஆவண அறைகளில் தீயை அணைக்க நாங்கள் வாயுவை நம்புகிறோம். வாயு அடைத்த உருளைகள் திறந்தால் அது அறையை நிரப்பும், தீ மூச்சுத் திணறி அணையும், ஒரு தாள்கூட நனையாது. அளவு சரியாக இருந்தால் உள்ளே இருப்பவர் கொஞ்சம் மூச்சிரைப்போடு நடந்தே வெளியே வந்துவிடலாம்; அளவு மிஞ்சினால் வர முடியாது. அந்த அளவைக் கணக்கிடுவதுதான் என் பிழைப்பு.

என் தங்கையின் கணவர், நான் கணக்குப் போட்ட அப்படியோர் அறைக்குப் பொறுப்பாளர். ஒருமுறை வீட்டு விருந்தில் என்னைக் காட்டி, "மச்சான் வெறுங்காத்தைக் கணக்குப் போட்டே காலத்தை ஓட்டுறாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். அதை நான் அன்றே மறந்துவிட்டேன். அவர் அவளைக் கைநீட்டி அடித்தார், நான் செய்ததற்கு அதுதான் காரணம்.

அந்த அறையில் புதிதாக இரும்பு அலமாரிகளை நெருக்கிப் போட்டு, கூரைவரை கட்டுகளை அடுக்கினார்கள். பொருள் கூடினால் காற்றுக்கு இடம் குறையும், உருளைகளையும் குறைக்க வேண்டும். நான் குறைக்கவில்லை. காலி அறைக்குப் போட்ட வாயு அப்படியே இருந்தது.

மிச்சம் இருந்தது, வாயு திறக்கும் முன் வெளியேறச் சொல்லும் எச்சரிக்கை மணி. அதைச் சோதனை என்று சொல்லி அடிக்கடி அடிக்கவிட்டேன். முதல் தடவை மாப்பிள்ளை செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடிவந்தார். "எதுக்கு இப்படிப் பதறுறீங்க? சும்மா சோதனைதான்" என்று சிரித்தேன். போகப் போக, மணி அடித்தால் அவர் தலையைக்கூடத் தூக்குவதில்லை.

அன்று அவர் மட்டும் உள்ளே இருந்தார். மணியை அடிக்கவிட்டு, வெளியே நின்று போன் செய்தேன்.

"சோதனையா மச்சான்?"

"ஆமா மாப்பிள்ளை. நீங்க வேலையப் பாருங்க."

பிறகு வாயுவைத் திறக்கும் பொத்தானை அழுத்தினேன். உள்ளே ஓர் அலமாரி குலுங்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

கருவி தானாகவே இயங்கிவிட்டது, வடிவமைத்தவரின் கணக்குப் பிழையால் வாயு அதிகமாகிவிட்டது என்று விசாரணையை முடித்துவிட்டீர்கள். என் வேலை போகும், அவ்வளவுதான் என்றார்கள் அலுவலகத்தில். நேற்று தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கணக்குத் தப்புன்னே இருக்கட்டும் அண்ணே. நீயும் உள்ள போயிட்டா எனக்குன்னு யாரு இருக்கா?"

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவளுக்காகத்தான் செய்தேன். இருந்தாலும் காலையில் எழுந்ததும் நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்துவிட்டேன்.

அறிக்கையைத் திருத்துங்கள், ஐயா. அவரைக் கொன்றது நான்தான். என் கணக்கில் எந்தத் தப்பும் இல்லை.