எல்லைக் கோட்டு வளைவு

பிரேக் கருகும் வாடை எங்கே எழுந்தாலும், ஒரு விபத்தில் சாலையில் உருண்டு போன ஒற்றைச் செருப்பு என் நினைவில் வந்து நிற்கும். மாநில எல்லையிலுள்ள பூவத்துக்குப் போகும் பேருந்திலும் அப்படித்தான். முன்னிருக்கைப் பெண், விபத்துகளை ஆராயும் மாணவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அடிபட்டாலும் நம்ம எல்லைக்குள்ள அடிபடணும் போலருக்கு, பாப்பா. வேகத்தடை கேட்டா, இங்க விபத்து கம்மிங்கிறாங்க. வண்டியெல்லாம் பறக்குது. எம்மக தினம் அந்த எல்லை வளைவுலதான் சைக்கிள்ல போறா.”

“எல்லைக்கு அந்தாண்ட விழுந்தவங்க தமிழ்நாட்டு ஸ்டேஷன் பதிவுல இருக்காங்கக்கா. ரெண்டு பதிவையும் சேர்த்து ஒரே படமா வரைஞ்சிட்டேன். வளைவு முழுக்கச் செவப்புப் புள்ளி. நாளைக்குக் கலெக்டர் ஆபீஸ்ல காட்டப்போறேன்.”

“ஒத்துக்குவாங்களா?”

“பார்த்தா மறுக்க முடியாதுக்கா.”

நிறுத்தம் வந்தது. அந்தப் பெண் படியில் நின்று திரும்பினாள்.

“நானும் வரேன். நீ படத்தக் காட்டு, நான் எம்மகளக் காட்டுறேன்.”