நிறுத்தும் சொல்

இந்த அறை நல்ல சூடாக இருக்கிறது. எங்கள் சவுத் ஹரோ வீட்டில் ஹீட்டரை இப்படி விட எனக்கு மனம் வராது. ஜதுர்ஷிகா என்றுதானே பெயர் சொன்னீர்கள்? மெதுவாகவே சொல்கிறேன், பிள்ளை. ஒவ்வொரு வசனமாக இந்தப் பொலிஸ் அதிகாரிக்கு மாற்றிச் சொல்ல உங்களுக்கு நேரம் வேண்டும். எனக்கும் ஆங்கிலம் தெரியும். ஆனால் மங்கையிடம் இதைத் தமிழில்தான் சொன்னேன். இங்கும் அப்படியே இருக்கட்டும்.

மங்கை மலேசியாவில் ஈப்போவில் பிறந்தவர். படிக்க லண்டன் வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வெம்பிளியில் ஒரு பிளாட்டில் அவர் செய்யும் தொழிலை உங்கள் முன்னால் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. காசு கொடுத்து வருகிறவர்களை நாடகம் மாதிரி அதட்டுவார், முழங்காலில் நிறுத்துவார், தண்டிப்பார். அவர்கள் விரும்பிக் கேட்பதை மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும். நான் கேட்டது ஒரு நீதிபதியை. அவர் என்னைத் தொட்டதுகூட இல்லை.

முதல் நாள் பேச்சு மட்டும்தான். எது வேண்டும், எது கூடாது, முழங்காலில் நோவு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பிறகு நிறுத்தும் சொல் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னார். நாடகத்துக்குள் அழலாம், கெஞ்சலாம், அவர் நிறுத்தமாட்டார். அந்தச் சொல்லைச் சொன்னால் மட்டும் அந்தக் கணமே எல்லாம் நிற்கும். நான் ‘காணும்’ என்று வைத்தேன். அவருக்கு விளங்கவில்லை. போதும் என்பதை நாங்கள் அப்படிச் சொல்வோம் என்றேன்.

“வீட்ல அடிக்கடி கேட்ட சொல்லா, மிஸ்டர் குலசேகரம்?” என்று சிரித்தார்.

ஓம் என்றேன்.

நாடகத்தை நானே எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம். ஜனவரி மாதம். மனைவி குப்பை போடப் பின்வளவுக்குப் போகிறாள். கணவன் கதவைப் பூட்டிவிடுகிறான். நெஞ்சு வருத்தக்காரி, குளிரில் இறந்துபோகிறாள். நீதிபதி விசாரித்துக் கணவனை முழங்காலில் நிறுத்துகிறார். இரண்டு கிழமைக்கு ஒரு புதன், பின்னேரம் இரண்டு மணிக்கு. இப்படிப் பதினொரு மாதம். முடிந்ததும் மங்கை ஒரு போர்வை தந்து, தேத்தண்ணி ஊற்றி, கால் மணிநேரம் பேசாமல் பக்கத்தில் இருப்பார். அது அவருடைய தொழில்முறை. அந்த மௌனத்துக்காகவே போகலாம். ஸ்டேஷனுக்கு நடக்கும்போது தண்டனை முடிந்த மனிதனாக நடப்பேன்.

நான் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவன். சின்ன மாற்றமும் கண்ணில் படும். அக்டோபரில் ஒரு நாள், அவள் எவ்வளவு நேரம் தட்டினாள் என்று நீதிபதி கேட்டார். நாற்பது நிமிடம் என்றேன். அது தாளில் இருந்தது. கை நொந்த பிறகு செருப்பைக் கழற்றித் தட்டினாள் என்றும் சொல்லிவிட்டேன். அது தாளில் இல்லை. மங்கையின் கண் தாளுக்குப் போய்த் திரும்பியது.

அடுத்த முறை தேத்தண்ணி நேரத்தில் அவர் என் பக்கத்தில் இருக்கவில்லை. வாசலை ஒட்டிய கதிரையில் இருந்தார். கதவு ஒருக்களித்திருந்தது, போன் மடியில். என் மனைவியின் பெயரைச் சாதாரணமாகக் கேட்டார். நானும் சாதாரணமாக மேனுஷா என்று ஒரு பொய்ப் பெயர் சொன்னேன். அவர் நம்பவில்லை. நம்பாததை நான் கண்டேன். நான் கண்டதை அவரும் கண்டார்.

கடைசிப் புதன் அவர் கேட்டது நீதிபதியின் குரலில் அல்ல.

“அவங்க எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தா நீங்க கதவைத் திறந்திருப்பீங்க?”

நான் நிறுத்தும் சொல்லைச் சொன்னேன். உடனே நிறுத்தினார். விளக்கைப் போட்டார், போர்வை தந்தார், தேத்தண்ணியும் தந்தார். ஒழுங்கு தவறவில்லை.

“இனிமே நீங்க வர வேணாம். இதைச் சொல்ல வேண்டிய இடத்துல நான் சொல்லப்போறேன். உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்றேன்” என்றார்.

நல்ல மனுசி. போகும்போது அவருடைய வாசல் சாவி கொக்கியில் தொங்குவதைக் கண்டேன். எடுத்து அவரைப் பூட்டவில்லை. அதையும் எழுதிக்கொள்ளலாம்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது, நான் மேலே நித்திரை என்று இரண்டு வருடத்துக்கு முன் பொலிஸிடம் சொன்னது பொய். நான் பின்கதவுக்குப் பக்கத்தில், குசினிக் கதிரையில் இருந்தேன். என்னை வேலையால் நிற்பாட்டியதை என் மனைவி பாலாம்பிகை ஈலிங் கோயிலில் யாருக்கோ சொல்லியிருந்தாள். அப்படியான நாட்களில் பத்து நிமிடம், கால் மணிநேரம் அவளை வெளியே விட்டுப் பூட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். நான் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. அன்றைக்கு மன்னிப்புக் கேட்கும்வரை என்று நினைத்திருந்தேன். கேட்டாள். அதற்குப் பிறகும் இருந்தேன். பக்கத்து வீடு விற்பனைக்கு வெறுமையாகக் கிடந்தது. தட்டும் சத்தம் நின்ற பிறகு எழும்பித் தேத்தண்ணி போட்டேன்.

பதினொரு மாதம் முழங்காலில் நின்றதைத் தண்டனையில் கழிப்பார்களா என்று அதிகாரியிடம் கேட்டுப் பாருங்கள்.

மங்கையின் கேள்விக்குப் பதில் சொல்லாதது ஒன்றுதான் மனதில் கிடக்கிறது. அந்தச் சொல்லை நான் எடுத்ததே பாலாம்பிகையிடமிருந்துதான். “காணும், திறவுங்கோ” என்று நாற்பது நிமிடமும் அதைத்தான் சொன்னாள். எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆனால் நிறுத்தும் சொல் என்றால் இரண்டு பேரும் முதலே பேசித் தீர்மானித்திருக்க வேண்டும். எங்களுக்குள் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கவில்லை.

ஏன் பேனையைக் கீழே வைத்துவிட்டீர்கள், பிள்ளை? அதையும் மாற்றிச் சொல்லுங்கள்.