எட்டு வாட்டில் எரிந்த நூறு வாட் விளக்கு

இந்த வாசகசாலையின் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் பெருந்தகை மாசிலாமணி அவர்களே! மன்றம் நிறைத்து அமர்ந்திருக்கும் மயிலாப்பூர்ப் பெரியோர்களே! மீன்கூடையை இறக்கிய கையோடு நொச்சிக்குப்பத்திலிருந்து கூடி வந்திருக்கும் தாய்மார்களே! டிராமை விட்டிறங்கி நேரே வந்து தூண்களில் சாய்ந்து நிற்கும் தோழர்களே! உள்ளே வரத் தயங்கி, ஏணியும் பையுமாக வாசலில் நிற்கும் என் நண்பர், மின்சாரக் கம்பி வேலை செய்யும் குலாம் முகம்மது அவர்களே! உங்கள் அனைவருக்கும் இச்சங்கத்தின் காரியதரிசியும், பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதிப்பவனுமாகிய சுப்பராயனின் பணிவான வணக்கம்.

ஏன் இந்த முணுமுணுப்பு? அவரைப் போய் நண்பர் என்கிறேனே என்றுதானே? பொறுங்கள். என் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. அதன் முன்பக்கத்தில் நம் சங்கத்தின் தீர்மானம்: விளக்கை மாற்றி ஏமாற்றிய குலாம் முகம்மதை இனி இவ்வட்டாரத்தில் எவரும் வேலைக்கு அழைக்கக் கூடாது. அதைப் படிக்கத்தான் என்னை மேடையேற்றினார்கள். பின்பக்கத்தில் நேற்று நான் போட்ட ஒரு கணக்கு. பின்பக்கத்தை முதலில் படிக்கப்போகிறேன்!

குலாம் பாய், உள்ளே வாருங்கள்! மெயினை அணைத்துவிட்டு, நாம் பேசிக்கொண்டபடி கம்பியை மாற்றுங்கள். வெளியே இன்னும் வெயில் இருக்கிறது. நான் பேசி முடிப்பதற்குள் அவர் முடித்துவிடுவார், அவையோரே, ஏனென்றால் அவருக்கு என்னைப்போல் வளவளப்பு கிடையாது.

நடந்தது என்ன? தலைவர் அவர்கள் மேடைக்கென்று நூறு வாட் விளக்கு ஒன்றை வழங்கினார். குப்பத்துப் பெண்கள் சார்பில் அங்காளம்மாள், பெண்கள் பகுதிக்கென்று நாற்பது வாட் விளக்கு ஒன்றைக் கொடுத்தார். போன வெள்ளிக்கிழமை விசையைத் தட்டினோம். என்ன கண்டோம்? சின்ன விளக்கு சிரித்தது! பெரிய விளக்கு பெருமூச்சு விட்டது! நாற்பது வென்றது, நூறு தோற்றது! தலைவரின் முகம் அவர் விளக்கைவிடச் சிவந்தது. சிரியுங்கள், சிரியுங்கள், தலைவரே சிரிக்கிறார்!

பழி யார் தலையில் விழுந்தது? ஏணியில் நின்றவர் தலையில்! நல்ல பல்பை எடுத்துக்கொண்டு நாசமான பல்பை மாட்டினான் என்றோம். அவரோ பல்பைக் கழற்றி, அதன் மேல் நூறு என்று எழுதியிருப்பதைக் காட்டினார். எழுத்தையும் மாற்றியிருப்பான் என்றோம். "அல்லா மேல ஆணையா நான் மாத்தல சார்" என்றார். கேட்டோமா? ஒரு வாரமாக அவரை ஒரு வீடும் கூப்பிடவில்லை. நேற்று மீர்சாகிப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஜமீலுன்னிசா கதவுக்குப் பின்னாலிருந்து, "திருடன் வூட்டுக்கு வாத்தியார் இன்னாத்துக்கு வந்தாரு?" என்று கேட்டார். வாசலிலேயே உட்கார்ந்து, இந்தக் காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் கணக்கைப் போட்டேன்.

இனிக் கணக்கு! அஞ்சாதீர்கள், அடிக்க மாட்டேன். நம் மின்சாரத்தின் அழுத்தம் இருநூற்று இருபது வோல்ட். அதை அதனாலேயே பெருக்கினால் நாற்பத்தெட்டாயிரத்து நானூறு. விளக்கின் வாட்டால் வகுத்தால் அதன் தடை வரும். நூறு வாட்டின் தடை நானூற்று எண்பத்து நான்கு ஓம். நாற்பது வாட்டின் தடையோ ஆயிரத்து இருநூற்றுப் பத்து! பார்த்தீர்களா? சின்ன விளக்குக்குத்தான் தடை பெரிது!

இங்கே செய்திருந்ததுபோல் இரண்டையும் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் தடைகள் கூடிக்கொள்ளும்: ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்று நான்கு. அழுத்தத்தை இதனால் வகுத்தால் ஓடும் மின்சாரம், ஒரு ஆம்பியரை நூறு கூறாக்கினால் அதில் பதின்மூன்று கூறுதான். இரண்டு விளக்கிலும் ஓடுவது அதே பதின்மூன்று! அப்படியானால் வெளிச்சத்தை நிர்ணயிப்பது எது? தடை! மின்சாரத்தை அதனாலேயே பெருக்கி, தடையாலும் பெருக்குங்கள். அங்காளம்மாள் விளக்குக்கு இருபது வாட். தலைவர் விளக்குக்கு எட்டே எட்டு! மங்கி எரியும்போது தடை கொஞ்சம் முன்பின் ஆகலாம். வெற்றி தோல்வி மாறாது!

என்ன அங்காளம்மா? "அப்போ என் பல்பு பெர்சு இல்லியா வாத்தியாரே? குப்பமெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேனே!" என்கிறீர்களா? அம்மா, உங்கள் பல்பும் பாதி பலத்தில்தான் எரிந்தது. சற்றுப் பொறுங்கள்.

மாற்றியது யார்? ஒருவருமில்லை! கோக்கச் சொன்னது யார்? அவையோரே, நான்! டிராம் வண்டியில் விளக்குகளை மாலைபோல் கோத்திருப்பதைப் பார்த்தேன். கம்பி மிச்சமாகுமே என்று புத்தி ஓடியது. "வேணாம் சார், ஒரே லைன்ல கோத்தா மங்கிப்பூடும், தனித்தனியா குடுக்கலாம்" என்று பாய் கெஞ்சினார். பௌதிகம் தெரிந்தது எனக்கா, உனக்கா என்றேன்! டிராமின் அழுத்தம் மிகப் பெரிது, அதில் எல்லா விளக்கும் ஒரே அளவு என்பதை மறந்தேன். பிறகு அவரைத் திருடன் என்றபோது, வாயை மூடிக்கொண்டு தீர்மானத்தையும் நானே எழுதினேன். வெட்கமாக இருக்கிறது. பாய், இத்தனை பேர் முன்னால் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

"ஆச்சு சார்" என்கிறார். இப்போது ஒவ்வொரு விளக்குக்கும் தனிவழி, ஒவ்வொன்றுக்கும் முழு இருநூற்று இருபது! தட்டுங்கள் பாய்!

ஆகா! எட்டு நூறாயிற்று! இருபது நாற்பதாயிற்று! அங்காளம்மாள் கூவுவதைக் கேளுங்கள்: "என்னுதும் முன்னைக்கு இப்போ பளபளன்னு கீது!" ஒருவரும் தோற்கவில்லை, தாய்மார்களே! இதோ, தலைவர் எழுந்து போய் பாயின் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

வெளிச்சம் வந்துவிட்டதால் தீர்மானத்தைப் படிக்கிறேன். பெயர் ஒன்றுதான் தவறு, திருத்திவிட்டேன். "இந்த வாசகசாலையின் கம்பிகளில் சுப்பராயன் இனி ஒருபோதும் கைவைக்கக் கூடாது. எல்லா வேலைக்கும் குலாம் முகம்மதையே அழைக்க வேண்டும்." ஆதரிப்போர் கை தூக்குங்கள்! தலைவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்!

பொறுமையோடு கணக்குக் கேட்ட உங்களுக்கும், பொய்க்கணக்கைப் பொறுத்த பாய்க்கும், ஜமீலுன்னிசா அம்மையாருக்கும் நன்றி. வணக்கம், சலாம்!