இருநூறாவது படி

கஜபதி: எழுது ரஞ்சிதம். "எங்கள் தகப்பனார் தம் கதையையே எழுதிய நாவலைத் தாங்கள் சினிமாவாக எடுத்ததில்..." எழுதினியா?

ரஞ்சிதம்: இருண்ணா. போஸ்ட் ஆபீஸ் பேனா... கயிறு எட்ட மாட்டேங்குது.

கஜபதி: "...எங்கள் குடும்ப மானத்தைக் கொடியில் காயப் போட்டுவிட்டீர்கள்."

ரஞ்சிதம்: மானம் காயட்டும். சினிமா உட்டு நேரா இங்க இழுத்துகினு வந்துட்டே. ஒரு டீ கூட...

கஜபதி: லெட்டர் போனப்புறம் டீ. எழுது. "ஆடிக் கிருத்திகை அன்று, முன்னூற்று அறுபத்தைந்து படியும், தோளை விட்டுக் காவடியை இறக்காமல் அவர் ஏறினார் என்று நாவலில் தெளிவாக இருக்க..."

ரஞ்சிதம்: சினிமால இருநூறாவது படியில உக்காந்துட்டாரு.

கஜபதி: உக்காந்தாரா? காலைப் புடிச்சிகினு "ஐயோ"ன்னாரு! நம்ம நைனா என்னிக்காவது ஐயோன்னு சொல்லியிருக்காரா?

ரஞ்சிதம்: பல்லு புடுங்கச்சொல்ல சொன்னாரு.

கஜபதி: அது பல்லு!

ரஞ்சிதம்: சரி... ஆனா அம்மாவா நடிச்ச பொண்ணு காவடியை வாங்கித் தோள்ல வெச்சிகினு ஏறினா பாரு... கொட்டாயே கை தட்டுச்சு. நீகூட கண்ணைத் தொடைச்சிகினே.

கஜபதி: தூசி.

ரஞ்சிதம்: ஏசி கொட்டாயிலயா?

கஜபதி: ஏசியில வர்ற தூசி! எழுது. "இல்லாததைச் சேர்த்த அந்தக் காட்சியை ஏழு நாளில் வெட்டாவிட்டால், கோர்ட்டில்..."

ரஞ்சிதம்: அண்ணா... கோர்ட்டு வாணாம்.

கஜபதி: ஏன்?

ரஞ்சிதம்: அது இல்லாதது இல்ல. நைனா கையால எழுதின நோட்டுல இருக்குது.

கஜபதி: ...எந்த நோட்டு?

ரஞ்சிதம்: அச்சுக்குப் போயிட்டு வந்துச்சே, என் பீரோல கெடந்த நோட்டு. இந்தப் படம் எடுத்த டைரக்டரு கேட்டாரு, குடுத்தேன்.

கஜபதி: என்னைக் கேக்காமயா?

ரஞ்சிதம்: கேட்டா குடுத்திருப்பியா? அதுல ஒரு பக்கத்து மேல வேற தாளு ஒட்டியிருந்துச்சு. இட்லி குண்டான் ஆவியில காட்டினேன்... மைதாப் பசைதானே, பால் ஏடாட்டம் பிரிஞ்சு வந்துச்சு.

கஜபதி: நைனா எழுத்தை இட்லி குண்டான்ல வெச்சியா!

ரஞ்சிதம்: அடியில எழுதியிருக்காரு. "இருநூறாவது படியில் என் கால் மரத்துவிட்டது. காவடியை என் மனைவி வாங்கிக்கொண்டாள்." இப்ப சொல்லு. அச்சுக்குக் கொண்டுபோனது நீ. ஒட்டினது யாரு?

கஜபதி: ...டீ குடிக்கலாமா?

ரஞ்சிதம்: லெட்டர் போனப்புறம் டீ.

கஜபதி: ஆங்... நான்தான்.

ரஞ்சிதம்: அம்மா சுமந்ததை மறைச்சிட்டியேண்ணா! சாவற வரைக்கும் அவ ஒரு வார்த்தை சொல்லலியே. நைனாவுக்குக் கால் மரத்துச்சுன்னா அது உனக்குக் கேவலமா?

கஜபதி: மரத்துப் போயிருந்தா உட்டிருப்பேன். மரக்கலியே. அவரு எழுதினது பொய்யி.

ரஞ்சிதம்: அதுக்கு மேல நீ ஒரு பொய்யை ஒட்டினியா?

கஜபதி: பின்னே? தன் காலையே நொண்டியாக்கிகினாரு மனுஷன். அதை எப்படி அச்சுல உடறது?

ரஞ்சிதம்: நான் அப்ப பொறக்கவே இல்ல. நீ கூட இருந்தே. கால் நல்லாதான் இருந்துச்சுன்னா, காவடியை ஏன் அம்மா கையில குடுத்தாரு?

கஜபதி: ஒருத்தன்... இனிமே நடக்க மாட்டேன்னு படியில படுத்து உருண்டான். அவனைத் தூக்கிகினு ஏறணும் இல்ல?

ரஞ்சிதம்: எவன்?

கஜபதி: உனக்கு மூத்தவன்.

ரஞ்சிதம்: ஐயோ அண்ணா! அவனைக் காட்டிக் குடுக்காம இருக்கவா நைனா அப்படி எழுதினாரு? சரி, சின்னப் புள்ள, கால் வலிச்சிருக்கும்... என்ன வயசு இருக்கும் அப்ப? நாலா, அஞ்சா?

கஜபதி: பதிமூணு... அந்த லெட்டரைக் குடு இப்படி. டீக்கடையில வடை மடிக்க ஆவும்.