அனுபவச் சான்று

— இஞ்சேருங்கோ, போனைத் தாங்கோ. நான் இன்னும் வாசிச்சு முடிக்கேல்லை.

— காலமை துவக்கம் உதுக்கைதான் நிக்கிறாய், கேதீஸ். அரசாங்கத்தின்ரை இணையத்தளத்திலை உனக்கு அப்பிடி என்ன கிடக்கு?

— வேலை கிடக்கு. அரசாங்க அறிவித்தல் வாற வர்த்தமானிப் பக்கத்திலை பார்த்தனான். மீன்பிடித் துறைமுகத்துக்குப் படகு எஞ்சின் திருத்த ஆள் எடுக்கினம். நாப்பத்தஞ்சு வயது மட்டும் விண்ணப்பிக்கலாம். எனக்கு முப்பத்தொன்பது.

— அதுக்குச் சேட்டிபிக்கேற் கேப்பினம். நீ எங்கை படிச்சனி?

— அதையும் தேடினனான். தொழிற்கல்வி ஆணைக்குழுவுக்கு வேறை ஒரு பக்கம் இருக்கு. விளங்காத சொல்லையெல்லாம் கொப்பியிலை எழுதி, ஒண்டொண்டாய்ப் பார்த்து வாசிச்சனான். வகுப்புக்குப் போகாமல், என்னைப் போலை கடையிலை நிண்டு வேலை பழகின ஆக்களும் சோதினை எடுக்கலாம். கையாலை செய்து காட்டினால் காணும்.

— புருசன்ரை கடையிலையே வேலை கிடக்கு. பிறகென்ன?

— பலகையிலை ‘கிருஷாந் எஞ்சின் திருத்தகம்’ எண்டு கிடக்கு. மோட்டசைக்கிளாலை விழுந்து உங்கடை வலக்கை ஏலாமல் போய் ஆறு வருசம். அண்டையிலை இருந்து கழட்டுறதும் நான், பூட்டுறதும் நான். ஆரும் வந்தால் கையைக் கழுவிப்போட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்கை ஓடுறன்.

— அப்பிடி இருக்கட்டும் எண்டு நீதானே சொன்னனி.

— ஓம், சொன்னனான். அப்ப நீங்கள் ஆரோடையும் கதைக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தனீங்கள். இனி ஏலாது.

— சரி. விண்ணப்பத்துக்கு என்ன வேணுமாம்?

— வேலை செய்த இடத்துக் கடிதம். எத்தினை வருசம், என்னென்ன வேலை எண்டு முதலாளி எழுதிக் கையெழுத்து வைக்கோணும்.

— முதலாளி நான்.

— நீங்கள்தான்.

— அப்பிடி எழுதினால், ஆறு வருசமாய் நான் ஒரு நட்டும் கழட்டேல்லை எண்டு மயிலிட்டி ஊர் முழுக்கத் தெரியவரும். பிறகு கரைக்கு எப்பிடிப் போறது நான்?

— எழுதாட்டி வேறை வழி கேப்பன். அந்தப் பக்கத்திலை தொலைபேசி இலக்கம் போட்டிருக்கினம். முடிவுத் திகதி இருபத்தெட்டு. நான் விடமாட்டன்.

— மெல்லக் கதை. செபநாயகம் அண்ணை தன்ரை எஞ்சினுக்கு வாறார். நீ குசினிக்கை போ.

— போகமாட்டன்.

— கேதீஸ்...

— போகமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்.

— தம்பி கிருஷாந், என்ரை எஞ்சின் சரியே? விடியக் கடலுக்குப் போகோணும்.

— அதை அவவைக் கேளுங்கோ, செபநாயகம் அண்ணை. நான் திருத்தேல்லை. ஆறு வருசமாய் இஞ்சை ஒரு எஞ்சினும் நான் திருத்தேல்லை.

— உதென்ன தம்பி புதுசாய்ச் சொல்லுறாய்? நீ மூண்டு மாசம் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை நாங்கள் எஞ்சினை ஆரிட்டைக் குடுத்தனாங்கள்? அண்டையிலை இருந்து எல்லாரும் இந்தப் பிள்ளையிட்டைத்தான் கொண்டுவாறம். உன்ரை மனம் நோகக்கூடாது எண்டுதான் உன்னோடை கதைச்சிட்டுப் போறனாங்கள்.