பதினோரு நிமிடம்

அன்புள்ள ஜோலீன்,

டப்பாவைத் திருப்பிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். அடியில் ஒட்டியிருக்கும் டேப்பில் ஆர்டிஸ் ஹால்வர்சன் என்று என் பெயர் இருக்கிறது. யார் கையில் கிடைத்தாலும் என்னிடம் வந்து சேர்ந்துவிடும். நம் ஊரில் இரவல் போன புத்தகம் திரும்பாது, வீட்டை விட்டுப் போன கணவன்கூடச் சில சமயம் திரும்புவதில்லை. பாத்திரம் மட்டும் கழுவித் துடைத்துத் திரும்பி வந்துவிடும்.

உள்ளே பன்னிரண்டு பீனட் பட்டர் குக்கீ இருக்கிறது, நடுவில் சாக்லேட் வைத்தது. சாக்லேட்டும் க்ரீமும் தவிர நடுவில் வேறு எதுவும் சேர்க்கவில்லை. அதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம். காப்பி போட்டுக்கொண்டு உட்கார்.

உனக்குத் தெரிந்த கதையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். வரிசையாகச் சொன்னால்தான் என் பக்கம் விளங்கும். எட்டு வருடத்துக்கு முன்னால், மார்ச் மாதம், பனி உருகிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், என் மகள் மாரிட் முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து காரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. அப்போது உன் கணவனாக இருந்த லைல் நடுக்கோட்டைத் தாண்டி எதிரே வந்தான். அவன் வண்டியில் பாதி காலியான விஸ்கி பாட்டில் இருந்தது. எந்த விஸ்கி என்பதை நீதிமன்றத்தில் படித்தார்கள். எனக்கு ஞாபகசக்தி அதிகம். லைலுக்குப் புருவத்தில் நாலு தையல். என் மகளின் சவப்பெட்டியைத் திறந்து காட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவன் நாலு வருடம் உள்ளே இருந்தான். நீ விவாகரத்து வாங்கிக்கொண்டு ஒரு வயதுக் குழந்தை டெஸ்ஸாவோடு தனியாக நின்றாய். உன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, இன்றுவரை இல்லை. வெளியே வந்த லைல் குடியை விட்டான். நம் சர்ச்சின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை காலையில் குடியை விட்டவர்கள் கூடுகிறார்கள் அல்லவா, அங்கே போக ஆரம்பித்தான். அந்தக் கூட்டத்துக்குக் காப்பியும் தின்பண்டமும் சர்ச் பெண்கள் முறை வைத்துக் கொண்டுபோவோம். என் முறை வரும்போது மட்டும் நான் தட்டைப் படியில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

அந்தக் கூட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குடித்த காலத்தில் யார் யாருக்குக் கெடுதல் செய்தோம் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் போய், செய்ததை வாயால் சொல்ல வேண்டும். நல்ல வழக்கம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்கிறவனுக்கு நல்லதுதான். கேட்கிறவள் அதை வாங்கி எங்கே வைப்பாள் என்பதற்கு அவர்களிடம் வழக்கம் எதுவும் இல்லை.

போன வருடம் மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டு வந்து நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கதவைத் தட்டினான். தொப்பியைக் கையில் பிடித்திருந்தான். உள்ளே வரச் சொன்னேன். காலியாக இருந்த ஒரே நாற்காலி மாரிட்டுடையது. அவனுக்குத் தெரியாது, உட்கார்ந்துவிட்டான். நாலாக மடித்த காகிதத்தைப் பிரித்தான்.

"மிஸஸ் ஹால்வர்சன், நான் மன்னிப்புக் கேக்க வரல. கேக்குற யோக்கியதை எனக்கு இல்ல. செஞ்சதை உங்க முகத்தைப் பாத்துச் சொல்லணும், அவ்வளவுதான். நான் குடிச்சிட்டு வண்டி ஓட்டினேன். உங்க பொண்ணைக் கொன்னுட்டேன்."

சொல்லிவிட்டு அழுதான். நான் தட்டில் குக்கீ வைத்துக் கொடுத்தேன். மேசைக்கு வந்து உட்கார்ந்தவனுக்கு ஏதாவது கொடுக்காமல் எனக்கு இருக்க வராது. மூன்று சாப்பிட்டான்.

"சொன்னப்புறம் மனசு லேசா இருக்குங்க. ஏழு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் மூச்சு விடுறேன்" என்றான்.

"நல்லதுப்பா" என்றேன்.

அப்புறம் வாய் திறந்துகொண்டது. டெஸ்ஸாவுக்கு முன்பல் விழுந்த கதையைச் சொன்னான். சனி ஞாயிறு அவளைத் தன்னோடு வைத்துக்கொள்ள நீதிபதி அனுமதி கொடுத்ததைச் சொன்னான். "ஒரு சொட்டு தொட்டேன்னா போச்சு. அப்புறம் அவளை ஏதோ ஒரு ஆபீஸ் ரூம்ல, பக்கத்துல ஒரு அம்மா கையில பேனாவோட உக்காந்திருக்க, ஒரு மணி நேரம்தான் பாக்க முடியும்." போகும்போது அவன் சாப்பிட்ட தட்டை அவனே கழுவிக் கவிழ்த்து வைத்தான். எவ்வளவு மரியாதையான பையன் பார். அவன் வண்டி கிளம்பிப் போனதும் அந்தத் தட்டைக் குப்பையில் போட்டேன்.

எனக்கு வெறுப்பு வந்தது. மறைக்க எதுவும் இல்லை. ஏழு வருடமாக இருந்தது துக்கம், அன்றைக்கு வந்ததுதான் வெறுப்பு. அவன் தன் பாரத்தை என் சாப்பாட்டு மேசையில் இறக்கிவிட்டுக் கையை உதறிக்கொண்டு, மகளுக்கு முன்பல் முளைத்துவிட்டதா பார்க்கப் போய்விட்டான். அவனைக் கொல்ல நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவன் உயிரோடு இருக்க வேண்டும், மகள் இருக்கக் கூடாது. அதாவது, அவன் பக்கத்தில் இருக்கக் கூடாது. அப்போது நான் நினைத்தது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைதோறும் வந்து ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போகச் சொல்லி அவனுக்குச் சீட்டு அனுப்பினேன். ஊரே உருகிவிட்டது. "ஆர்டிஸ், உனக்குள்ள இருக்குறது நெஞ்சா, வெண்ணெயா?" என்று சர்ச் வாசலில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

இந்தக் குக்கீயின் செய்முறை உனக்குத் தெரியாது. தெரிந்தால்தான் மீதி புரியும். சாக்லேட்டைச் சூடான க்ரீமில் கரைத்து, ஆறியபின் நெல்லிக்காய் அளவு உருட்டி, ஃப்ரீசரில் கல்லாக்க வேண்டும். பீனட் பட்டர் மாவைத் தடிமனாகத் தட்டி, உருண்டையை உள்ளே வைத்து மூட வேண்டும். ஓவனில் பதினோரு நிமிடம். விளிம்பு மட்டும் வெந்து, நடுப்பாகம் பச்சையாக இருப்பது போலத் தெரியும். அப்போதே எடுத்துவிட வேண்டும். பன்னிரண்டு நிமிடம் விட்டால் மெத்தென்று இருக்காது, முறுகிவிடும். நான் வியாழக்கிழமைதான் சுடுவேன். ஒரு நாள் மூடி வைத்தால் ருசி கூடும்.

இதில் ஒரு வசதி. உள்ளே இருக்கும் உருண்டை கல்லாகப் போவதால் அந்தப் பதினோரு நிமிடத்தில் மெல்ல இளகுமே தவிரக் கொதிக்காது. கேக்கில் ஊற்றினால் பெரும்பகுதி ஆவியாகிவிடும். இதில் ஊற்றியது ஊற்றியபடி இருக்கும்.

ஊர்க் கடையில் விஸ்கி வாங்கினால் மறுநாள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். முப்பது மைல் தள்ளிப் போய் வாங்கினேன், நீதிமன்றத்தில் படித்த அதே விஸ்கியை. ஜூன் மாதம் முழு உருண்டைக் கலவைக்கும் ஒரு தேக்கரண்டி, கூடவே காப்பித்தூள், வாசனை தெரியாமல் இருக்க. ஜூலையில் மூன்று. ஆகஸ்டில் காப்பித்தூளை நிறுத்திவிட்டேன்.

அதை வைத்து யாருக்கும் போதை ஏறாது, ஜோலீன். நான் போதையைத் தேடவில்லை. அவன் நாக்குக்கு ஒரு ஞாபகத்தைக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, என் சமையலறையில் நின்றபடியே ஒன்றைக் கடித்தவன் பாதியில் நிறுத்தினான். ஜன்னலுக்கு வெளியே வெகுநேரம் பார்த்தான்.

"ஆர்டிஸ், இதுல என்ன போடுறீங்க?"

"வனிலா. நல்ல வனிலா, விலை கூட. ஏன், பிடிக்கலையா?"

"இல்ல, பிடிச்சிருக்கு" என்றான். அவன் முகம் வெளுத்திருந்தது. டப்பாவை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. இன்னொன்றை எடுத்தான். அந்த இன்னொன்று அவனுடையது என்றுதான் நான் எப்போதும் சொல்லிக்கொள்வேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமையே வந்து நின்றான். செப்டம்பரில் சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினான். யாரோ கேட்டதற்கு அறுவடை வேலை என்றானாம்.

டெஸ்ஸா விஷயத்தில் நான் மிகவும் கவனமாக இருந்தேன். இதை நீ நம்ப வேண்டும். "டப்பாவில் இருக்கிறது காப்பியோடு சாப்பிடுகிற பெரியவர்களுக்கு" என்று கண்டிப்பாகச் சொல்லி, அவளுக்கு நடுவில் ஒன்றும் வைக்காத குக்கீயைத் தனிப் பையில் போட்டு, மஞ்சள் நூலால் கட்டிக் கொடுப்பேன். ஒரு குழந்தைக்கு நான் அதைக் கொடுத்திருக்க மாட்டேன்.

அக்டோபர் மாதம் அந்த வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலரை மணி இருக்கும். வழக்கமாக முதலில் என்னிடம் வந்து, பிறகுதான் உன் வீட்டுக்கு வருவான். அன்றைக்கு முதலிலேயே டெஸ்ஸாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். உன் முன்னால் அவன் வண்டியை விட்டு இறங்கவில்லை என்று நீ சாட்சி சொன்னாய். என் வாசலிலும் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினான். வாசனை என் முகத்தில் அடித்தது. வனிலா இல்லை.

"மிஸஸ் ஹால்வர்சன், என்னோடது எங்க?" என்று டெஸ்ஸா பக்கத்து சீட்டிலிருந்து கையை நீட்டினாள். முன்பல் பாதி முளைத்திருந்தது. மஞ்சள் நூல் கட்டிய பையைக் கொடுத்தேன். "எங்கப்பா இன்னிக்கு வழியெல்லாம் பாட்டுப் பாடினாரு தெரியுமா!" என்றாள். லைல் என் முகத்தைப் பார்க்காமல் சிரித்தான்.

என் திட்டம் இதுதான். அவன் இந்த நிலையில் வரும் அன்றைக்கு ஷெரீஃப் ஆபீஸில் போலீஸ் வேலை பார்க்கும் கோர்டிக்குப் போன் செய்வது. நம்பரைப் போன் பக்கத்துச் சுவரில் எழுதியே வைத்திருந்தேன். இரண்டு மைல் போவதற்குள் நிறுத்தி, ஊதச் சொல்லி, கையில் விலங்கு மாட்டி, டெஸ்ஸாவை உன்னிடம் கொண்டுவந்து விட்டிருப்பார்கள். சனி ஞாயிறு அதோடு முடிந்தது. யாருக்கும் ஒரு கீறல் விழுந்திருக்காது.

போன் செய்யத்தான் உள்ளே போனேன். அந்த நேரம் பார்த்து ஓவன் மணி அடித்தது. தட்டை எடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்து, பிறகு போனை எடுப்பதற்குள் நேரமாகிவிட்டது. கோர்டி ஏற்கனவே அங்கே போயிருந்தான், லைல் போய் மோதிய, கிழங்கு ஏற்றி வந்த லாரிக்குப் பக்கத்தில். கோர்டியிடம் இதை அப்படியே சொன்னேன். "அடுப்புல தட்டு இருந்தா யாரா இருந்தாலும் முதல்ல அதைத்தான் எடுப்பாங்க. உங்க மேல என்ன தப்பு? மனசைப் போட்டு வதைச்சுக்காதீங்க" என்று தோளைத் தட்டினான். உன்னிடமும் அதையே சொன்னேன். நீயும் அதையே சொன்னாய்.

நாலு நாள் கழித்துக் கோர்டி மறுபடி வந்தான். கையில் என் டப்பா. லைல் வண்டியிலிருந்து எடுத்தது. அடியில் பெயர் இருந்ததாம். அவன் மனைவி வெந்நீரில் கழுவி, உள்ளே ஒரு மிட்டாய்ப் பொட்டலமும் வைத்துக் கொடுத்திருந்தாள், வெறும் டப்பாவாகக் கொடுக்கக் கூடாது என்று. "உள்ள மூணு மிச்சம் இருந்துச்சு ஆர்டிஸ். பசியில நான்தான் தின்னுட்டேன், கோவிச்சுக்காதீங்க. பிரமாதம்" என்றான். வேறு ஊராக இருந்தால் அந்த டப்பாவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முத்திரை வைத்திருப்பார்கள். நீ இப்போது மடியில் வைத்திருப்பதும் அதே டப்பாதான்.

லைல் சிறையிலிருந்து எனக்கு எழுதுகிறான். உங்கள் அன்பை வீணாக்கிவிட்டேன் என்று எழுதுகிறான். மறுபடி விஸ்கி ஆசை எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லையாம், என் வனிலாவில் விஸ்கி வாசனை அடித்ததைக்கூடத் தன் மனக்கோணல் என்று நினைக்கிறான். டெஸ்ஸாவின் சவ அடக்கத்துக்கு அவனை விடவில்லை. நான் வந்திருந்தேன். நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "உங்களுக்குத்தான் புரியும், இங்க வேற ஒருத்தருக்கும் புரியாது" என்றாய். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் வருகிறாய். ஆறு மாதமாக என் வீட்டில் மனிதக் குரல் கேட்கிறது. போன ஞாயிறு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆர்டிஸ், நீங்க எப்படி இத்தனை வருஷம் தாங்கினீங்க?" என்று கேட்டாய். இந்தக் கடிதம்தான் பதில். கோர்டிக்கும் ஒரு பிரதி தபாலில் போட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் திருத்த வேண்டும். நான் வியாழக்கிழமைதான் சுடுவேன் என்று மேலே எழுதியிருக்கிறேன், கவனித்திருப்பாய். அந்த வெள்ளிக்கிழமை என் ஓவன் குளிர்ந்துபோய்த்தான் கிடந்தது. எந்த மணியும் அடிக்கவில்லை. நான் மாரிட்டின் நாற்காலியில் உட்கார்ந்து, கைக்கெட்டும் தூரத்தில் போனை வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு நிமிடம். பேனா பிடித்த அம்மா பக்கத்தில் இருந்தால்கூட, வாரத்துக்கு ஒரு மணி நேரம் அவன் மகளைப் பார்ப்பானே என்று தோன்றியது. அவளுக்கு மீதிப் பல்லும் முளைப்பதைப் பார்ப்பான். எனக்கு அது போதவில்லை.

முழுதும் எழுதியாயிற்று. மே மாதம் லைல் அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்கு அவ்வளவு கோபம் வந்தது, ஆனால் அவன் பொய் சொல்லவில்லை, ஜோலீன். சொல்லிவிட்டால் மனசு லேசாகத்தான் இருக்கிறது.

ஆர்டிஸ்