மர்ஹூம் ரவூப்: வெளிவராத பாடல்கள்

முட்டைத் தட்டுகளை யாரும் எறிந்துவிடக் கூடாது, ஐயா. நாலு சுவரிலும் ஒட்டிவிட்டால் எந்த அறையும் ஒலிப்பதிவு அறைதான். அலுவிகாரையில் என் வீட்டோடு சேர்ந்திருந்த மிளகு அறையை அப்படித்தான் ஸ்டூடியோ ஆக்கினேன். கல்யாணப் பாட்டு, கடை விளம்பரம் என்று ஏதோ ஓடியது. 2005இல் ரவூப் வந்து சேர்ந்தான்.

ராப் பாடுகிற பையன், பொல்லாத வாய். முட்டு வருத்தம் இருந்ததால், மூச்சிரைத்தால் வாய்க்குள் அடிக்கும் பம்பு எப்போதும் அவன் சட்டைப்பையில் இருக்கும். அது ஆடினால் சத்தம் மைக்கில் விழும் என்று, பாட நுழையும்போது என்னிடம் கொடுத்துவிடுவான். முதல் பாட்டைக் கேட்டபோதே எனக்குத் தலைகால் புரியவில்லை. இவனுக்கு மாத்தளையே எழுந்து ஆடும் என்று தெரிந்துவிட்டது.

அவனிடம் இருந்தது ஒரே ஒரு குறை. எதையும் முடிக்க மாட்டான்.

"இன்னம் சரியில்ல நானா, இன்னொருக்கா பாடுறேன்" என்பான். எங்களில் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு வருஷமாக இதே கதை. பத்துப் பாட்டு என் கம்ப்யூட்டரில் முத்து முத்தாகக் கிடந்தது. ஒன்றையாவது வெளியே விடு என்றால் மாட்டேன் என்கிறான். குமர்ப் பிள்ளைகளைப் பூட்டி வைத்த தகப்பன்போல் எனக்கு வயிறு எரிந்தது.

மௌத்தாகிக் கண்ணை மூடியவன் இன்னொருக்கா பாடுகிறேன் என்று சொல்ல மாட்டான். இது ஒருநாள் சும்மா வந்த நினைப்புத்தான். பார்க்க எப்படி இருக்கும் என்று, அவன் படமும் 'மர்ஹூம் ரவூப்' என்ற பேரும் போட்டு சீடி அட்டை அடிக்கக் கொடுத்தேன். மாத்தளையில் கொடுத்தால் நம்மவர்கள் கண்ணில் படும் என்பதால், நாவுலயில் சுந்தரலிங்கத்தின் அச்சகத்துக்குப் போனேன். மர்ஹூம் என்றால் காலஞ்சென்றவர் என்று அவருக்குத் தெரியாது. ஏதோ பெரிய பட்டம் என்று எண்ணி, அந்தச் சொல்லைத் தங்க நிறத்தில் கொட்டை எழுத்தில் போட்டு, பெட்டி பெட்டியாக அடித்துத் தந்தார். அவ்வளவையும் வீணாக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் ரவூப் வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே வந்தான்.

"நானா, பஸ்ஸில ஒராள் 'வாங்க மர்ஹூம் தம்பி, இங்க ஒக்காருங்க'ன்னு எந்திரிச்சு சீட்டு தாறார். ஒங்க அட்டைய அவருதான் அடிச்சாராம். நல்ல பகிடி நானா."

நானும் சிரித்தேன். இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் சொன்னான்: "அந்தப் பழசு எல்லாத்தையும் அழிச்சிப்போடுங்க. மொதல்ல இருந்து பாடுவோம்." பம்பை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனான்.

மிளகு அறை அல்லவா, தாழ்ப்பாள் வெளியே இருந்தது. அதைப் போட்டேன். அன்று காலையில்தான் பழைய மிளகுச் சாக்குகளை உள்ளே உதறியிருந்தேன், சுத்தம் செய்வதற்காக. பதிவு ஓடிக்கொண்டிருந்தது, அதை நான் நிறுத்தவில்லை.

டொக்டர் முட்டு என்றார். எங்களில் ஜனாஸாவைத் தாமதிப்பதில்லை, அஸர் தொழுகையோடு அடக்கியாயிற்று. சந்தூக்குப் பெட்டியின் முன்பக்கத்தை நான்தான் சுமந்தேன். உண்மையாகவே அழுதேன், ஐயா.

அல்பம் வந்தது. அந்தச் சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன். வில்கமுவ டிராக்டர்களில்கூடப் பதினோராவது பாட்டுத்தான். கதவில் விழும் அடிதான் தாளம். அதற்கு மேல் அவன் குரல்: "நானா, கதவத் தொறங்க. கதவத் தொறங்க, நானா." கல்யாண வீடுகளில் அதற்குக் கைதட்டி ஆடினார்கள். சோதனைச்சாவடியில் ஓர் ஆமிக்காரர் அதையே அரைகுறைத் தமிழில் பாடியபடி என் அடையாள அட்டையைத் திருப்பித் தந்தார். வீடு வரும்வரை என் கால் தரையில் படவில்லை.

பிறகு யாரோ சுந்தரலிங்கத்துக்கு அந்தச் சொல்லின் அர்த்தத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அட்டை அடித்த பிறகு அந்தப் பையனைப் பஸ்ஸில் உயிரோடு கண்டோமே என்று அவர் பொலிஸுக்கு, உங்களிடம் வந்துவிட்டார். நல்ல மனிதர், எனக்கு அவர்மேல் கோபமில்லை. ஆம், கதவைப் பூட்டியது நான்தான். அடி நிற்கும்வரை பம்பு என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனால் ரவூப்புக்கு நான் கெடுதல் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தப் பதினோராவது பாட்டை நீங்களே கேட்டுப் பாருங்கள். அந்த ஒன்றைத்தான் அவன் இன்னொருக்கா பாடுகிறேன் என்று கேட்கவில்லை.